உள்ள எத்தன பேரு

துபாயில ஒரு மழ பேஞ்சுச்சே, ரோடெல்லாம் ஏரியாப் போயி, காருங்க எரும மாடு மாதிரி மூக்க மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நின்னுச்சே, அதுக்கு முந்துன குளிர்காலம். மழ வந்தப்ப நான் சொல்லப் போற ஆளு எங்ககூட இல்ல, ஊருக்குப் போயிட்டாரு. எங்க ரூமுக்குள்ள தண்ணி வந்து நாங்க கட்டில் மேல ஏறி நிக்கிறப்ப, இவரு இருந்திருந்தா இந்நேரம் நம்மள பத்து தடவ எண்ணியிருப்பாரேன்னு நெனச்சேன். அதனால வருஷம் நல்லா ஞாபகம் இருக்கு.

பேரு சொல்ல மாட்டேன். அவரு புள்ளைக்குட்டிங்க நாலு பேரு முன்னாடி நடமாடுறவங்க. நாங்க தண்ணிக்காரருன்னுதான் சொல்லுவோம். சாயல்குடிப் பக்கம். என்னவிட ரெண்டு வயசு மூப்பு. நெட்டையான ஆளு, அந்த வீட்டுக் கதவுக்கெல்லாம் குனிஞ்சு குனிஞ்சே கழுத்து முன்னால வந்துருச்சு.

அந்த வீடுன்னு சொன்னேன்ல, அத மொதல்ல சொல்லிடறேன். அது துபாயி இல்ல. மலையத் தாண்டி அந்தப் பக்கக் கடலு. துபாயில கடலு கொளம் மாதிரி சும்மா கெடக்கும். இங்க அப்படி இல்ல, அல வந்து கருப்புப் பாறையில அடிச்சா நம்ம நெஞ்சுக்கூட்டுல அடிச்ச மாதிரி இருக்கும். பின்னால மலையில வெந்நி ஊத்து ஒண்ணு உண்டு. ஜப்பான்காரங்க அவங்க ஊருக் கடலோரத்துல ஒரு மாதிரி சத்திரம் வச்சிருப்பாங்களாம், ஊத்து வெந்நியில குளிச்சு, கோரப்பாயில படுத்து, கடலப் பாத்துக்கிட்டே சாப்புடுற மாதிரி. எங்க அர்பாபு, அதாவது மொதலாளி, அங்க போயித் தங்கிட்டு வந்து, அதே மாதிரி இங்கயும் கட்டிப்புட்டாரு. மரம், ஓடு, பாயி எல்லாம் கப்பல்ல வந்துச்சு. பாத்துக்கிறதுக்கு ஒரு ஜப்பான் அம்மாவும் வந்தாங்க. மேடம்னு சொல்லுவோம். இத்தினியூண்டு அம்மா. அறுபது வயசு இருக்கும். ஒரு நாளும் கத்திப் பேசுனதில்ல.

நான் துபாயி குசைசு ஏரியாவுல இருபத்தாறு வருஷம் லாண்டரியில கெடந்தவன். மெஷினுச் சத்தத்துலயே காது பழகிப்போச்சு. வயசாச்சு, கொஞ்சம் லேசான வேலையா இருக்கட்டும்னு தெரிஞ்சவங்க சொல்லி இங்க அனுப்புனாங்க. வந்து எறங்குன அன்னைக்கே எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. என்ன பயம்னா, சத்தமே இல்ல. கதவுல கண்ணாடி கெடையாது, காயிதம். ஆளு நடந்தா காலடி கேக்காது, காயிதத்துல நெழலு மட்டும் போகும். குளிக்கிற பக்கம் போனா ஆவி. கைய நீட்டுனா கை தெரியாது. கந்தக வாட வேற. எந்த மூலையில யாரு நிக்கிறாங்கன்னு தெரியாத வீட்டுல என்னமோ ஒண்ணு நடக்கப் போகுதுன்னே தோணிக்கிட்டு இருந்துச்சு.

அந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லைன்னு தண்ணிக்காரரப் பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன்.

அவருக்கு வேல என்னன்னா வெந்நிதான். மலையிலருந்து கொழாயில வர்ற தண்ணிய பாய்லர்ல இன்னும் சூடாக்கி, பச்சத் தண்ணி கலந்து, மனுஷன் எறங்குற பதத்துக்குக் கொண்டு வரணும். மத்தியானம் குளிக்கிறவங்க யாரும் இல்லாத நேரத்துல பச்சத் தண்ணிய அடச்சுட்டு, கொதிக்கிற தண்ணிய அப்படியே விட்டுத் தொட்டிய அலசணும். அந்த வால்வத் தொறக்குற கை அவரு கை. அவரு பயமெல்லாம் அந்தக் கைமேலதான். உள்ள போனவன் ஒருத்தன் உள்ளயே இருக்கிறப்ப நம்ம தொறந்துட்டா? வேற எதப்பத்தியும் அவரு பயந்து நான் பாத்ததில்ல. பாம்புக்குப் பயமில்ல, போலீசுக்குப் பயமில்ல, சூப்பர்வைசரு கத்துனா பல்லக் காட்டிக்கிட்டு நிப்பாரு.

அதுக்கு அவரு ஒரு வழி வச்சிருந்தாரு. குளிக்கிற எடத்துக்கு முன்னால ஒரு மரப்படி இருக்கும். யாரா இருந்தாலும் செருப்ப அந்தப் படியிலதான் விட்டுட்டுப் போவணும். எத்தன சோடி கெடக்கோ அத்தன பேரு உள்ள. உள்ள ஒரு ஆளு போனா எடது கையில ஒரு வெரல மடக்குவாரு. ரெண்டு பேருன்னா ரெண்டு வெரலு. வெளிய வந்தா நிமுத்துவாரு. டீ குடிக்கிறப்பவும், சோறு திங்கிறப்பவும், எங்கூடப் பேசுறப்பவும் அந்த எடது கை மடங்கியே இருக்கும். நான் தூரத்துலருந்தே அவரு கையப் பாத்துச் சொல்லிருவேன், இப்ப மூணு பேரு உள்ளன்னு. அஞ்சு வெரலும் நிமுந்தாத்தான் அந்த மனுஷனுக்கு மூச்சே வரும்.

"ஏண்ணே, தூங்குறப்பவும் மடக்கிக்கிட்டுத்தான் தூங்குவீங்களா?"ன்னு ஒரு நாளு கேலி பண்ணுனேன்.

"தூங்குறப்ப ஏப்பா ஆளு குளிக்கப் போறான், லூசு"ன்னாரு. சிரிக்கல.

சத்திரம் தொறக்குறதுக்கு முன்னால மேடம் ஒரு வேல பண்ணுனாங்க. வேலையாளுங்க எல்லாரும் ரெண்டு ரெண்டு பேரா ஒரு நாளு விருந்தாளியா வந்து தங்கணும்னு சொல்லிட்டாங்க. தங்கிப் பாத்தாத்தான் தங்குறவனுக்கு என்ன வேணும்னு தெரியுமாம். எனக்குச் சோடி தண்ணிக்காரரு.

சாயங்காலம் நாலு மணிக்கு ரெண்டு பேரும் வாசல்ல போயி நிக்கிறோம். தெனம் நம்ம பெருக்குற வாசலு. மேடம் மண்டி போட்டுக் கும்புடுறாங்க, எங்கள! நானும் பதிலுக்குக் கும்புட்டேன். அறைக்குள்ள டீ, ஒரு இனிப்பு, ரெண்டு பருத்தி அங்கி. நான் அங்கிய மாட்டிக்கிட்டு நம்ம பாட்டுக்கு எப்படி வருதோ அப்படிச் சுத்திக் கட்டிக்கிட்டு வெளிய வந்தேன். மேடம் பாத்தாங்க பாருங்க, மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஓடியாந்து எங்கையப் புடிச்சு அவுத்து, எடதுபக்கத்த மேல வச்சு மாத்திக் கட்டி விட்டாங்க. அப்பறம் சூப்பர்வைசரு இந்தியில சொன்னாரு, நான் கட்டுனது பொணத்துக்குக் கட்டுற கட்டாம்.

தண்ணிக்காரரு எம்மொகத்தையே பாக்கல. "மொத நாளே இப்படியா"ன்னு மெதுவா சொன்னாரு.

குளிக்கப் போனோம். துணி இல்லாமத்தான் எறங்கணும்னு சட்டம். அறுபது வயசுல ரெண்டு கெழவனுங்க, ஒருத்தன் முதுக ஒருத்தன் பாத்துக்கிட்டு, சின்ன ஸ்டூலுல குந்தி, சோப்புப் போட்டுக் கழுவிட்டு, "நீ மொதல்ல எறங்குண்ணே", "நீ எறங்குப்பா, நான் திரும்பிக்கிறேன்"னு. அதுக்கு மட்டும் ரெண்டு பேரும் சிரிச்சோம். வெளித் தொட்டி கல்லுத்தொட்டி, கடலு தெரியும். தண்ணி கழுத்து வரைக்கும் ஏறுனதும் ஒடம்புல இருந்த முப்பது வருஷ வலியும் கழண்டு விழுந்த மாதிரி இருந்துச்சு. கண்ணு சொருகுது. நான் அப்படியே கல்லுல தல சாச்சுட்டேன்.

"ஏய், தூங்காத"ன்னாரு. "பேசிக்கிட்டே இரு. பேசு."

"என்னத்தண்ணே பேச?"

"எதையாச்சும் பேசு. இல்லைன்னா நான் பேசுறேன்"னு சொல்லித்தான் அந்தக் கதையச் சொன்னாரு. முந்தி குவைத்துல மங்காஃப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில தண்ணித்தொட்டி கழுவுற வேலையில இருந்தாராம். தரைக்கு அடியில இருக்கிற தொட்டி. அஞ்சு பேரு எறங்குனாங்க. சாப்பாட்டு நேரம் வந்துச்சு, ஏறிட்டாங்க, போர்மேனு மூடிய மூடச் சொல்லிட்டாரு. நெழலுல ஒக்காந்து ஆளுக்கொரு பொட்டலத்தப் பிரிச்சுத் திங்கிறாங்க.

"சோத்த வாயில வைக்கிறேன், கண்ணு அங்க போகுது. அஞ்சு சோடி செருப்புக் கெடக்கு. நாங்க ஒக்காந்திருக்கிறது நாலு பேரு."

அதுக்கு மேல அவரு சொல்லல. நான் கேக்கவும் இல்ல.

"மனுஷன் எல்லாரும் வந்தாச்சுன்னு வாய்க்கு வந்ததச் சொல்லிருவான். செருப்பு அப்படிச் சொல்லாது"ன்னு சொல்லிட்டு, பத்து நிமிஷம்கூட ஆவல, எந்திரிச்சுப் போயிட்டாரு. படியில நின்னு, உள்ள நான் ஒருத்தன் இருக்கேன்னு ஒரு வெரல மடக்கிக்கிட்டு, நான் வர்ற வரைக்கும் அந்த அங்கியோட காத்துல நின்னாரு. விருந்தாளியா வந்த அன்னைக்கும் அந்தாளுக்கு டியூட்டிதான். ராத்திரிச் சாப்பாடு பதினாலு கிண்ணத்துல வந்துச்சு, பச்ச மீனு உள்பட. ரெண்டு பேரும் சோத்தையும் ஊறுகாயையும் தின்னுட்டுப் படுத்துட்டோம். அது வேற கத.

செருப்ப எண்ணுறதோட விட மாட்டாரு. கதவுக்கிட்டப் போயிக் கூப்புடுவாரு. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவ. ஒருத்தன் தண்ணியில மயங்கிட்டா? இங்கிலீசு, இந்தி, அரபி, அவருக்குத் தெரிஞ்ச நாலு வார்த்தைய எல்லாம் போட்டுக் கூப்புடுவாரு. வர்றவங்க முக்காவாசிப் பேரு சிரிச்சுக்கிட்டுப் போயிருவாங்க. ஒரு தடவ துபாயிலருந்து நம்ம மெட்ராசுக் குடும்பம் ஒண்ணு வந்துச்சு. ஆபீசருங்க. அந்தப் பையனுக்குத் தமிழே வரல, அப்பாவ டாடி டாடிங்கிறான். அந்த சாரு பனியனு, டவுசரோட தண்ணியில எறங்கப் போனாரு.

"சார், கழுவிட்டு எறங்குங்க சார். பனியனோட கூடாது."

"யோவ், நான் எங்க வீட்லயே பனியனோடதான்யா குளிப்பேன்."

எப்படியோ எறங்குனாரு. கால் மணி நேரம் ஆச்சு. தண்ணிக்காரரு கதவத் தட்டுறாரு. "சார், இருக்கீங்களா?"

"இருக்கேன்யா. எங்க போவேன், ஜப்பானுக்கா?"

மறுபடியும் கால் மணி. "சார், நல்லா இருக்கீங்களா?"

"நீ கூப்புடாம இருந்தா நல்லா இருப்பேன்!"

நாங்க பின்னால நின்னு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். ஆனா அந்த சாரு ஊருக்குப் போயி போன்ல என்னமோ எழுதிப்புட்டாரு, நிம்மதியாக் குளிக்க விடாம ஒருத்தன் கதவத் தட்டிக்கிட்டே இருக்கான்னு. சூப்பர்வைசரு அதத் தண்ணிக்காரரு மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. "கலாஸ், போதும்! இனிமே கூப்புடாத. கதவுக்கிட்டயே போவாத. இங்க அமைதிக்குத்தான் ஜனங்க வர்றாங்க."

அன்னைக்கு அவரு சோறு திங்கல. "அப்ப எனக்கு மிச்சம் செருப்பு மட்டும்தான்"னாரு.

இப்ப என்னப் பத்திச் சொல்லணும். எனக்கு வேல துணி தொவைக்கிறது, பாயி விரிக்கிறது, அப்பறம் செருப்பத் திருப்புறது. அது ஒரு ஜப்பான் வழக்கம். வர்றவங்க செருப்ப உள்பக்கம் பாத்து விட்டுட்டுப் போவாங்க. நம்ம போயிக் குனிஞ்சு, சோடி சேத்து, முனை வெளியப் பாக்குற மாதிரித் திருப்பி வைக்கணும். வெளிய வந்ததும் அப்படியே மாட்டிக்கிட்டுப் போவலாம். மேடம் எங்கையப் புடிச்சுச் சொல்லிக்குடுத்தாங்க. ஒரு வெரக்கட எடவெளி, ரெண்டும் ஒரே கோட்டுல. எனக்கு அது புடிச்சுப் போச்சு. கை தன்னால செய்யும்.

சத்திரத்துச் செருப்பு எல்லாமே மரக்கட்டச் செருப்பு, ஒரே மாதிரி. வேலையாளுங்க நாங்க போடுறது பக்காலாங்கிற மளிகக் கடையில வாங்குற ரப்பர் செருப்பு, நீல வாரு. அத வாசப்பக்கம் யாரும் விடக் கூடாது. பின்னால பம்பு செட்டு ஓரத்துலதான் விடணும். நான் சொல்ல வர்ற அன்னைக்கு முந்துன நாளு எவனோ ஒருத்தன் விருந்தாளிங்க வர்ற வழியில அதக் கழட்டிப் போட்டுட்டான்னு சூப்பர்வைசரு எல்லாரையும் வரிசையா நிறுத்தி, இன்னொரு தடவ பாத்தேன்னா பொட்டியக் கட்டுன்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு. என் வயசுக்குப் பொட்டியக் கட்டுனா மறுபடி விசா கெடையாது. வீட்டுல ஒரு மக கல்யாணத்துக்கு நிக்குது.

அன்னைக்கு மத்தியானம். பள்ளிவாசல்ல பாங்கு சொல்லி முடிஞ்சிருந்துச்சு. தங்குனவங்க எல்லாம் கெளம்பிட்டாங்க. புதுசா வர்றவங்க மூணு மணிக்கு. தொட்டி அலசுற நேரம். நான் துண்டுக் கூடையத் தூக்கிக்கிட்டுப் படிக்கிட்ட வர்றேன். படியில ஒரு சோடி ரப்பர் செருப்பு. நீல வாரு, குதிங்காலு தேஞ்சு போயி.

தண்ணிக்காரரு செருப்புன்னுதான் நெனச்சேன். அலசுற அவசரத்துல மறந்து இங்க கழட்டிட்டாரு, சூப்பர்வைசரு பாத்தா தொலஞ்சாரு மனுஷன். சுத்தியும் பாத்தேன். யாரும் இல்ல. எடுத்துக் கூடைக்குள்ள துண்டுக்கு அடியில போட்டேன். கொண்டுபோயிப் பம்பு செட்டு ஓரத்துல வச்சேன். அவரக் காப்பாத்திட்டேன்னு மனசுக்குள்ள ஒரு சந்தோசம்கூட.

அந்தச் செருப்பு அவரோடது இல்ல. அர்பாபோட வாப்பாவோடது. எண்பது வயசு இருக்கும், பெரிய அர்பாபுன்னு சொல்லுவோம். சின்ன வயசுல வலை இழுத்தவராம். எவ்வளவு வசதி வந்தும் நம்ம மாதிரி ரப்பர் செருப்புதான் போடுவாரு. அந்த ஊத்துத் தண்ணியில புள்ளையிலருந்து குளிச்சவரு. எப்ப வேணும்னாலும் கடக்கரை வழியா நடந்து வந்து, யாரையும் கேக்காமக் குளிச்சுட்டுப் போயிருவாரு. அவரு வீடுதானே. நாங்க ஆயிரம் தடவ பாத்திருக்கோம். அன்னைக்கு எனக்கு அது தோணவே இல்ல. தேஞ்ச செருப்பப் பாத்ததும் நம்மாளு செருப்புன்னுதான் தோணுச்சு. முப்பது வருஷம் இந்த நாட்டுல செருப்பப் பாத்து ஆளப் பாக்கப் பழகிட்டோம்.

நான் பம்பு செட்டுலருந்து திரும்பி வர்றேன். தண்ணிக்காரரு எதிர்ல வர்றாரு. பாய்லரப் பாக்கப் போயிருந்தவரு. நேரா படிக்கிட்ட வந்து நின்னாரு. பாத்தாரு. குனிஞ்சு படிக்கு அடியிலயும் பாத்தாரு. கதவ லேசாத் தள்ளி உள்ள எட்டிப் பாத்தாரு, ஆவிதான். வாயத் தொறந்தாரு, கூப்புட. சூப்பர்வைசரு அங்கருந்து "யல்லா, ஜல்தி! மூணு மணிக்கு ஆளு வருது!"ன்னு கையத் தட்டுனாரு. வாய மூடிக்கிட்டாரு. எடது கைய விரிச்சு ஒரு தடவ பாத்துக்கிட்டாரு. அஞ்சு வெரலும் நிமுந்திருந்துச்சு. போயி வால்வத் தொறந்தாரு.

அவரு கால்ல அவரோட செருப்பு இருந்துச்சு. அத நான் அப்பத்தான் பாத்தேன்.

எனக்குப் புரியிறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல. மூச்சு ரெண்டு மூணு விட்டிருப்பேன். அவரு கால்ல செருப்பு இருக்கு, அப்ப அது யாரோடது? வாயில வார்த்த வரல. சத்தியமா வரல. உள்ள மரக் குவள ஒண்ணு கல்லுல உருண்ட சத்தம் கேட்டுச்சு. அப்பறம் ஒரு கெழவரு கத்துற சத்தம்.

தண்ணிக்காரரு வால்வ மூடுனாரு, கதவ ஒதச்சுக்கிட்டுப் போனாரு, செருப்போட, சட்டையோட. நான் ஆவிக்குள்ள நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் தெரியல. தண்ணி அடிபடுற சத்தம், "அல்லா, அல்லா"ங்கிற சத்தம். ஆவிக்குள்ளருந்து அந்த நெட்ட ஆளு அவரக் கொழந்த மாதிரி தூக்கிக்கிட்டு வந்தாரு. பெரிய அர்பாபுக்கு ரெண்டு காலும் முழங்காலு வரைக்கும் செவந்து தோலு எழும்பியிருச்சு. தண்ணி வந்து விழுற வாய்க்கிட்ட கால நீட்டித் தூங்கியிருக்காரு. தண்ணிக்காரரு கால்லயும் கொப்புளம். அவரு அதப் பாக்கவே இல்ல.

எல்லாரும் ஓடி வர்றாங்க. ஆம்புலன்சுங்கிறாங்க. அந்தக் கூட்டத்துல நான் என்ன பண்ணுனேன் தெரியுமா. பம்பு செட்டுக்கு ஓடுனேன். அந்தச் செருப்ப எடுத்தேன். அது அங்க கெடந்தா யாரு கொண்டாந்து போட்டான்னு கேப்பாங்கல்ல. யாரும் பாக்கலைன்னு பாத்துட்டுப் படியில கொண்டுபோயி வச்சேன். பயத்துல பண்ணுனேன். யோசிச்சுப் பண்ணல. ஆனா என் கை என்ன பண்ணுச்சுன்னா, பழக்கத்துல, சோடி சேத்து, ஒரு வெரக்கட எடவெளி விட்டு, முனைய வெளியப் பாக்கத் திருப்பி வச்சிருச்சு.

பெரியவர ஏத்திக்கிட்டு வண்டி போனதும் சூப்பர்வைசரு படிக்கிட்ட வந்தாரு. "இது என்ன? இது என்ன கெடக்கு இங்க? அந்தா ஹை க்யா, நீ குருடா?"

தண்ணிக்காரரு வந்து பாத்தாரு. செருப்பப் பாத்துக்கிட்டே நின்னாரு.

மேடமும் வந்தாங்க. செருப்பப் பாத்தாங்க. திரும்பியிருக்கிறதப் பாத்தாங்க. அப்பறம் என்னப் பாத்தாங்க. மெதுவா என்னமோ கேட்டாங்க. சூப்பர்வைசரு இந்தியில எங்கிட்டக் கேட்டாரு. "இதத் திருப்பி வச்சது நீதானே? அப்ப நீ பாத்திருக்கே. முன்னாலயே இங்க இருந்திருக்கு. ஆமாவா இல்லையா?"

நான் தலையாட்டுனேன். ஆமான்னு.

"இவன் பாத்திருக்கான், திருப்பியும் வச்சிருக்கான். நீ பாக்கல!"

தண்ணிக்காரரு எம்மேல கோவமே படல. "இருந்திருக்குப்பா"ன்னாரு எங்கிட்ட. "நீ திருப்பி வச்சிருக்கே, நான் குனிஞ்சு பாத்தேன், எங்கண்ணுக்குத் தெரியல. எங்கண்ணு போச்சா, புத்தி போச்சா?" சொல்லிக்கிட்டே எடது கையில ஒரு வெரல மடக்குனாரு. அப்பறம் நிமுத்தவே இல்ல.

கேசு வேணாம்னு அர்பாபு சொல்லிட்டாரு, ஆளு மட்டும் இங்க இருக்கக் கூடாதுன்னுட்டாரு. மறுநாளு காலையில வண்டி வந்துச்சு. நான் பையத் தூக்கிக்கிட்டுப் போயி வச்சேன். அவரு வண்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, "ஏப்பா, எத்தன பையி இருக்கு, நீ பாத்துச் சொல்லு"ன்னாரு.

"ஒண்ணுதாண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

"ஒண்ணேதாண்ணே இருக்கு."

"சரி, நீ சொன்னாச் சரி"ன்னு ஏறி ஒக்காந்தாரு. அப்பவாச்சும் நான் சொல்லியிருக்கணும். வண்டிக் கதவு என் கையிலதான் இருந்துச்சு. சாத்திட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சுப் பெரிய அர்பாபு குச்சி ஊனிக்கிட்டு வந்தாரு. "அந்த ஒசரமான ஆளு எங்க? என்னத் தூக்குனவன்?"னு கேட்டாரு. லீவுல போயிருக்காருன்னு சொன்னேன். வந்தா எங்கிட்டக் கூட்டிட்டு வான்னாரு. சரின்னேன். அதுக்கப்பறம் குளிக்கிற பக்கம் போறதையே கொறச்சுக்கிட்டேன். ஆவிக்குள்ள யாரோ உள்ள இருக்கிற மாதிரியே இருக்கும். ஒரு வருஷம் ஓட்டுனேன். முடியல, வந்துட்டேன். மக கல்யாணம் முடிஞ்சிருச்சு. நல்லாத்தான் நடந்துச்சு.

போன வருஷம் அவரு ஊர்க்காரரு ஒருத்தரு போன்ல பேசுனாரு, எங்ககூட வேல பாத்தவரு. தண்ணிக்காரரு எப்படி இருக்காருன்னு கேட்டேன். ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையாம். ஆனா பேரப்புள்ளையத் தூக்க மாட்டேங்குறாராம். மக வேலைக்குப் போவணும், செத்த நேரம் பாத்துக்கப்பான்னு மடியில வச்சா, எந்திரிச்சுப் போயிருவாராம். "என்ன நம்பிப் புள்ளைய விடாதம்மா. எங்கண்ணு முன்னால இருக்கிறதே எனக்குத் தெரியாது"ன்னு சொல்லுவாராம். கண்ணாஸ்பத்திரியில காட்டியிருக்காங்க. கண்ணு நல்லா இருக்குன்னுதான் டாக்டரு சொல்லியிருக்காரு. அவரு நம்பல.

நம்பரு வாங்கி ரெண்டு தடவ அடிச்சேன். "யாரு?"ன்னு அவரு குரலு கேட்டுச்சு. ரெண்டு தடவயும் வச்சுட்டேன். மூணாவது தடவ மனச திடப்படுத்திக்கிட்டு அடிச்சா, இந்த நம்பரு இல்லைன்னு ஒரு பொம்பளக் குரலு சொல்லுது. நம்பரு குடுத்த ஆளும் மறுபடி வெளிநாடு போயிட்டாரு. எனக்கு இப்ப சர்க்கர, முழங்காலு வலி, பஸ்சு ஏறி அவ்வளவு தூரம் போவ முடியாதுன்னு சொல்லிக்கிறேன். அதுவும் பொய்தான். பயம்.

அதனால கேக்குறவங்க யாராச்சும் சாயல்குடிப் பக்கத்து ஆளா இருந்தா, இல்ல அந்தப் பக்கம் சொந்தம் இருந்தா, ஜப்பான் சத்திரத்துல வெந்நி பாத்தவருன்னு விசாரிங்க. பாத்தீங்கன்னா அவருகிட்டச் சொல்லுங்க. அவரு பாத்தப்ப படியில செருப்பு இல்ல. லாண்டரிக்காரன்தான் எடுத்தான், அப்பறம் அவனே கொண்டாந்து வச்சான்னு சொல்லுங்க. லாண்டரிக்காரன்னா அவருக்குத் தெரியும். அவரு என்ன திட்டுனாலும் கேட்டுக்கங்க, அது எனக்குச் சேர வேண்டியது. அவரு மக பக்கத்துல இருந்தா அந்தப் புள்ளகிட்டயும் சொல்லிருங்க, பேரப்புள்ளைய அப்பா மடியில தைரியமா வச்சுட்டு வேலைக்குப் போவச் சொல்லி.